டீமுக்கு ஒரு விக்கி: கிளவுடில் நாமே நடத்துவது எப்படி?

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் இறக்குமதிச் சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் எந்த கிளியரிங் ஆபீஸுக்குள் போனாலும் ஒரு சீனியர் இருப்பார். எந்த ஷிப்பிங் லைன் (கப்பல் கம்பெனி) டெலிவரி ஆர்டருக்கு, அதாவது சரக்கை விடுவிக்கும் சீட்டுக்கு, என்னென்ன பேப்பர் கேட்கும், யாரிடம் எத்தனை நாள் ஃப்ரீ டேஸ் (தாமதக் கட்டணம் இல்லாத நாள்), மணலி பக்கம் இருக்கும் சி.எஃப்.எஸ்.ஸில் (கன்டெய்னர் சரக்கு யார்டில்) கேட் பாஸுக்கு எந்த கவுன்ட்டரில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரைக் கேட்டுக் கேட்டுத்தான் வேலை பழக வேண்டும். அவர் ஊருக்குப் போய்விட்டால் வாட்ஸ்அப் குரூப்பில் பழைய மெசேஜைத் தேடுவார்கள். எப்போதோ யாரோ போட்ட ஒரு போட்டோ கிடைக்கும். அது இன்னும் செல்லுமா என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் கன்டெய்னர் யார்டில் நின்று டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு ஆபீஸுக்கு டீம் விக்கி அமைத்துக் கொடுத்து, இன்றைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்து, கம்ப்யூட்டர் துறையில் இல்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி இந்த விஷயத்தைச் சொல்லப் பார்க்கிறேன். கிளியரிங் ஆபீஸ் என்பது ஓர் உதாரணம்தான். வியாசர்பாடியில் மாலை நேரப் பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்கும், காசிமேட்டில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறைக்கும், வெள்ள நிவாரணத்துக்கு ஒன்றுசேரும் தன்னார்வக் குழுவுக்கும் இது பொருந்தும்.

விக்கி என்பது, அதைப் பயன்படுத்துகிறவர்களே எழுதித் திருத்திக்கொள்ளும் பக்கங்களின் தொகுப்பு. 1995 மார்ச்சில் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலர் முதல் விக்கியை இணையத்தில் விட்டார். 2001இல் விக்கிப்பீடியா வந்தது, 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் வந்துவிட்டது. டீம் விக்கியின் அடிப்படையும் அதேதான். வித்தியாசம் என்னவென்றால், படிப்பதும் எழுதுவதும் ஒரு குழுவுக்குள் மட்டும்.

எங்கள் விக்கியில் அதிகம் திறக்கப்படும் பக்கம் ‘டி.ஓ. வாங்குவது’, அதாவது டெலிவரி ஆர்டர் வாங்குவது. மேலே நான்கு வரிதான்: எண்டார்ஸ் செய்த ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு), இல்லையென்றால் சரண்டர் ஆன காப்பி, இம்போர்ட்டரின் அத்தாரிட்டி லெட்டர், லைனுக்குக் கட்டிய பணத்தின் ரசீது, லைன் கேட்டால் கன்டெய்னர் டெபாசிட் அல்லது இன்டெம்னிட்டி பாண்டு. அதற்குக் கீழே ஒவ்வொரு லைனின் பெயரிலும் ஒரு தனிப் பக்கத்துக்கு லிங்க். ஒரு லைன் நடைமுறையை மாற்றினால், அன்று அந்த கவுன்ட்டருக்குப் போன பையனே போனில் பக்கத்தைத் திறந்து திருத்திவிடுகிறான். யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார்கள் என்பது ஹிஸ்டரியில் பதிவாகும். தப்பாகத் திருத்தினாலும் பழையதற்குத் திரும்பிவிடலாம். வாட்ஸ்அப்பில் இது நடக்காது. கூகுள் டாக்ஸில் பத்து ஃபைல் வரைக்கும் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் எது கடைசிக் காப்பி என்கிற குழப்பம் ஆரம்பித்துவிடும்.

சரி, விக்கி வேண்டும். அதை எங்கே வைப்பது?

மூன்று வழி இருக்கிறது. முதல் வழி, ஒரு கம்பெனி நடத்தும் ரெடிமேட் சேவையில் கணக்குத் தொடங்குவது. ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று பணம் கட்டினால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது, வாடகைக்கு ஒரு வெறும் சர்வர் (எப்போதும் இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்) எடுத்து, லினக்ஸில் தொடங்கி எல்லாவற்றையும் நாமே நிறுவுவது. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. திறந்த மூல, அதாவது நிரலை யாரும் எடுத்து ஓட்டவும் திருத்தவும் உரிமை உள்ள, விக்கி மென்பொருளை நாம் தேர்ந்தெடுக்கிறோம். அதை ஓட்டும் வேலையை மட்டும் ஒரு மேனேஜ்டு கிளவுட் தளத்திடம் கொடுக்கிறோம். ஹெரோக்கு, ரெண்டர், ரயில்வே, டிஜிட்டல்ஓஷன் ஆப் பிளாட்ஃபார்ம் எல்லாம் இந்த ரகம்.

இந்த நடுவழி, போர்ஷன் வாடகைக்கு எடுப்பது மாதிரி. மோட்டார், தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடி ஒழுகல் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. உள்ளே இருக்கும் பீரோவும் பாத்திரமும் நம்முடையவை. அவற்றைப் பூட்டி வைப்பதும் காலி செய்யும்போது எடுத்துக்கொண்டு போவதும் நம் வேலை. இதில் எது யாருடைய பொறுப்பு என்பது புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

ஆபீஸிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டுவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். செய்யலாம், தப்பில்லை. ஆனால் சாதாரண பிராட்பேண்டில் நிலையான பொது ஐ.பி. முகவரி கிடைக்காது. அதனால் வெளியிலிருந்து, அதாவது ஹார்பர் கேட்டில் நிற்கிறவரின் போனிலிருந்து, அதைத் திறப்பது எளிதல்ல. அப்புறம் கரன்ட். அதற்கும் மேலே தண்ணீர். 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னைத் தெருக்களில் நாள்கணக்கில் நின்ற தண்ணீரையும் பார்த்தவர்கள், தரையோடு தரையாக இருக்கும் ஒரு சி.பி.யு.வை நம்பி ஆபீஸின் மொத்த அனுபவத்தையும் வைக்க மாட்டார்கள்.

வெறும் சர்வர் வழி விலை குறைவு, சுதந்திரம் அதிகம். ஆனால் பாதுகாப்பு அப்டேட், ஃபயர்வால், டிஸ்க் நிரம்புவது என்று ஒவ்வொன்றையும் கவனிக்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து பேர் இருக்கும் ஆபீஸில் அப்படி ஒருவர் இருப்பது அபூர்வம். இருந்தாலும், அவர் வேலை மாறினால் பழைய கதைதான். எல்லாம் ஒரே ஆளின் தலைக்குள் இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே விக்கியே வைக்கிறோம்!

மேனேஜ்டு தளம் என்ன செய்கிறது?

இன்று பெரும்பாலான திறந்த மூல விக்கிகள் டாக்கர் இமேஜாகக் கிடைக்கின்றன. மென்பொருளையும் அது ஓடத் தேவையான அத்தனையையும் ஒன்றாகக் கட்டிய பொட்டலம் அது. 2013இல் டாக்கர் வந்த பிறகு இந்த முறை பரவலாகிவிட்டது. தளத்திடம் நாம் இமேஜின் பெயரைச் சொல்கிறோம். தளம் அதை இறக்கி ஓட்டும், ஓர் இணைய முகவரி கொடுக்கும், பூட்டுக்குறி வருவதற்கான எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழைத் தானே வாங்கும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். அது முடிவதற்குள் புதுப்பிப்பதையும் தளமே பார்த்துக்கொள்ளும். மென்பொருள் செத்துப்போனால் மறுபடி எழுப்பிவிடும்.

அந்தக் கடைசி வேலையில்தான் புதியவர்கள் ஏமாறும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தளம் மென்பொருளை மறுபடி எழுப்பும்போது, முன்பு ஓடியதைத் தட்டி எழுப்புவதில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே இமேஜிலிருந்து புத்தம் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறது. இமேஜில் இருந்தது அப்படியே வரும். ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளே எழுதப்பட்டது எதுவும் வராது. நீங்கள் விக்கியில் ஏற்றிய ஒரு போட்டோ மென்பொருளின் சொந்த டிஸ்கில் ஒரு ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருந்தால், அடுத்த ரீஸ்டார்ட்டில் அது காணாமல் போய்விடும். ஹெரோக்குவில் ஒவ்வொரு நாளும் குறைந்தது ஒரு தடவை ரீஸ்டார்ட் நடக்கும். மற்ற தளங்களில் நாம் செட்டிங்கை மாற்றினால் நடக்கும், புதிய பதிப்பு போட்டால் நடக்கும், அவர்கள் தங்கள் மெஷினைப் பராமரிக்கும்போதும் நடக்கும். இது கோளாறு இல்லை. எந்த நேரத்திலும் எந்த மெஷினுக்கும் மாற்ற முடிய வேண்டும் என்றுதான் இந்தத் தளங்களை அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

ஆகவே எந்த விக்கியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, தோற்றம் எப்படி, கலர் மாற்றலாமா என்பதல்ல. நாம் எழுதுவதை இது எங்கே வைக்கிறது? பக்கத்தின் எழுத்து எங்கே போகிறது, ஏற்றிய படமும் பி.டி.எஃப்.பும் எங்கே போகின்றன? இந்தப் பதிலை வைத்துத்தான் எந்தத் தளம் ஒத்துவரும், எதை பேக்கப் எடுக்க வேண்டும், நாளைக்கு வேறு இடத்துக்குப் போக முடியுமா என்பதெல்லாம் முடிவாகும்.

டோக்குவிக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இலிருந்து இருக்கும் நல்ல மென்பொருள். டேட்டாபேஸே (தகவலை ஒழுங்காகச் சேமித்து வைக்கும் தனி மென்பொருள்) கிடையாது, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். சின்ன ஹோஸ்டிங்கில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும். அதன் எளிமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் எழுத்து, படம் எல்லாமே டிஸ்கில்தான். நிலையான டிஸ்க் தராத தளத்தில் இதைப் போட்டால் ஒரே ரீஸ்டார்ட்டில் மொத்தமும் போய்விடும். வால்யூம் என்று தனியாக ஒரு நிலையான டிஸ்கைப் பணம் கட்டி இணைக்க முடிகிற தளத்தில் மட்டும்தான் இதைப் போடலாம்.

புக்ஸ்டாக் 2015இல் தொடங்கியது. அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்று அதன் அமைப்பு இருப்பதால் கம்ப்யூட்டர் பழக்கம் குறைந்தவர்களும் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். எழுத்து மை எஸ்.கியூ.எல். அல்லது மரியா டி.பி. டேட்டாபேஸில் இருக்கும். படங்களும் இணைப்புகளும், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், டிஸ்கில் இருக்கும். ஆக எழுத்து தப்பிக்கும், படம் போகும். இதுதான் இன்னும் மோசம், ஏனென்றால் உடனே கண்ணில் படாது. பக்கம் திறக்கும், படம் இருந்த இடத்தில் உடைந்த சதுரம் தெரியும். இதற்குத் தீர்வு உண்டு. படங்களை எஸ்3 வகை சேமிப்பகத்துக்கு, அதாவது ஃபைல்களை வைப்பதற்கென்றே இருக்கும் தனி கிளவுட் சேவைக்கு, அனுப்பச் சொல்லும் ஒரு செட்டிங் புக்ஸ்டாக்கில் இருக்கிறது. அதை முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

விக்கி.ஜேஎஸ்ஸின் இப்போது பரவலாக ஓடும் 2ஆம் வரிசை, எழுத்தோடு ஏற்றிய ஃபைல்களையும் டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. டிஸ்கில் இருப்பது வேகத்துக்கான நகல் மட்டும். மென்பொருளை எத்தனை தடவை தூக்கி எறிந்தாலும், டேட்டாபேஸ் இருக்கும் வரை எதுவும் போகாது. மேனேஜ்டு தளத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. எங்கள் ஆபீஸுக்கு நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒன்றே காரணம். இதற்கும் ஒரு விலை உண்டு. பெரிய ஸ்கேன் ஃபைல்களைக் கொட்டினால் டேட்டாபேஸ் வீங்கும், பேக்கப் பெரிதாகும். ஒரு ஃபைலுக்கு 5 எம்.பி. என்று தொடக்கத்திலேயே ஓர் எல்லை இருக்கும். அதை உயர்த்தாதீர்கள் என்பது என் ஆலோசனை. விக்கியில் இருக்க வேண்டியது வேலை செய்யும் முறை. கஸ்டமரின் பில் ஆஃப் என்ட்ரியும் (கஸ்டம்ஸில் கொடுக்கும் இறக்குமதி ஆவணமும்) பான் கார்டும் அங்கே வரவே கூடாது.

அவுட்லைன் பார்க்க அழகாக இருக்கும், எழுதவும் சுகம். ஆனால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸோடு ரெடிஸ் என்ற இன்னொரு சேவையும் கேட்கும், லாகினுக்கும் கூகுள், ஸ்லாக் போன்ற வெளி ஏற்பாடு வேண்டும். முதல் விக்கிக்கு இது அதிகம். அதன் உரிமமும் கட்டுப்பாடுள்ள பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ். கறாராகச் சொன்னால் அது திறந்த மூலம் ஆகாது. விக்கி.ஜேஎஸ்ஸுக்கு ஏ.ஜி.பி.எல்., புக்ஸ்டாக்குக்கு எம்.ஐ.டி. உரிமம். நிரலைத் திருத்தாமல் அப்படியே ஓட்டும் ஓர் ஆபீஸுக்கு இந்த இரண்டிலும் எந்தச் சிக்கலும் இல்லை.

இனி நிறுவுவது. விக்கி.ஜேஎஸ்ஸை வைத்துச் சொல்கிறேன், மற்றவையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான்.

தளத்தில் முதலில் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் உருவாக்குங்கள், அப்புறம்தான் விக்கி. உருவாக்கும்போது ரீஜியன் என்று ஊர் கேட்கும். டிஜிட்டல்ஓஷனில் பெங்களூர் இருக்கிறது, ரெண்டரில் நமக்குப் பக்கம் சிங்கப்பூர். எதை எடுத்தாலும் டேட்டாபேஸும் விக்கியும் ஒரே ஊரில் இருக்கட்டும். ஒரு பக்கம் திறக்க விக்கி பல தடவை டேட்டாபேஸிடம் போய் வரும். ஒன்று சிங்கப்பூரிலும் இன்னொன்று அமெரிக்காவிலும் இருந்தால் ஒவ்வொரு நடையும் கடல் தாண்டித்தான் போக வேண்டும்.

டேட்டாபேஸ் தயாரானதும் தளம் ஒரு நீண்ட வரியைக் கொடுக்கும். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் அதில் ஐந்தே தகவல்தான். ‘@’ குறிக்கு முன்னால் பயனர் பெயர், ஒரு கோலன், பாஸ்வேர்டு. ‘@’ குறிக்குப் பின்னால் டேட்டாபேஸ் இருக்கும் ஹோஸ்ட் (மெஷினின் முகவரி), ஒரு கோலன், 5432 போன்ற போர்ட் எண் (அந்த மெஷினில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்ற எண்). கடைசிச் சாய்கோட்டுக்குப் பிறகு டேட்டாபேஸின் பெயர். விக்கிக்கான பக்கத்தில் என்விரான்மென்ட் வேரியபிள் (மென்பொருள் தொடங்கும்போது படிக்கும் செட்டிங்) என்ற பகுதியில் இந்த ஐந்தையும் தனித்தனியாக இடுங்கள். கூடவே டேட்டாபேஸின் வகை போஸ்ட்கிரெஸ் என்று ஒரு வரி. தளம் எஸ்.எஸ்.எல். இணைப்பு (பிறர் படிக்க முடியாதபடி பூட்டிய இணைப்பு) கேட்டால் அதற்கும் ஒரு வரி. ரெண்டர் மாதிரி தளங்கள் உள் முகவரி, வெளி முகவரி என்று இரண்டு ஹோஸ்ட் கொடுக்கும். விக்கிக்கு உள் முகவரியைக் கொடுங்கள். அது வேகம், டேட்டாபேஸை இணையத்துக்குத் திறந்து வைக்கவும் தேவையில்லை.

இந்த வேரியபிள்கள்தான் வீட்டுச் சாவி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போடாதீர்கள். கீபாஸ், பிட்வார்டன் போன்ற ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில் வைத்து, ஆபீஸில் இரண்டு பேரிடம் அதைத் திறக்கும் வழி இருக்கட்டும்.

அடுத்து இமேஜின் பெயர். பெயருக்குப் பின்னால் பதிப்பு எண் இடலாம், அல்லது ‘லேட்டஸ்ட்’ என்று விடலாம். லேட்டஸ்ட் வேண்டாம். ஒரு நாள் தளம் தானாக ரீஸ்டார்ட் செய்யும்போது, நீங்கள் கேட்காத ஒரு பெரிய பதிப்பு மாற்றம் உள்ளே வந்துவிடக்கூடும். 2 என்று வரிசை எண்ணைக் குறித்துவிட்டால் அந்த வரிசைக்குள் வரும் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும். விக்கி.ஜேஎஸ் 3000 என்ற போர்ட்டில் காத்திருக்கும், தளம் கேட்டால் அந்த எண்ணைச் சொல்லுங்கள். அவ்வளவுதான். விக்கியை ஓடவிடும் டெப்ளாய் பட்டனை அழுத்திவிட்டு, நடப்பதை வரிவரியாகக் காட்டும் லாகைப் பார்த்துக்கொண்டிருங்கள். பெரும்பாலான தோல்விகளுக்கு அங்கேயே பதில் இருக்கும். டேட்டாபேஸைத் தொட முடியவில்லை என்று வந்தால் ஹோஸ்ட் அல்லது எஸ்.எஸ்.எல். வரியைப் பாருங்கள். பாஸ்வேர்டு தப்பு என்று வந்தால் ஒட்டும்போது முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் பத்து நிமிடம்

விக்கி எழுந்தவுடன் ஒரு தொடக்கப் பக்கம் வரும். அட்மின் மின்னஞ்சல், பாஸ்வேர்டு, தள முகவரி கேட்கும். அந்தப் பக்கத்தை முதலில் நிரப்பி முடிப்பவர் யாரோ அவர்தான் அட்மின். அதனால் டெப்ளாய் செய்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், முதலில் இதை முடித்துவிடுங்கள். புக்ஸ்டாக்கில் வேறு மாதிரி: உலகம் முழுக்க ஒரே தொடக்க மின்னஞ்சல், ஒரே தொடக்கப் பாஸ்வேர்டு. உள்ளே போனதும் இரண்டையும் மாற்ற வேண்டும்.

அடுத்தது இன்னும் முக்கியம். விக்கி.ஜேஎஸ் நிறுவியவுடன் ‘கெஸ்ட்’ என்ற குழுவுக்கு, அதாவது லாகின் செய்யாத எவருக்கும், பக்கங்களைப் படிக்கும் அனுமதி இருக்கும். பொது விக்கிக்கு அது சரி, ஆபீஸ் விக்கிக்கு ஆகாது. அட்மின் பகுதியில் குழுக்கள் பக்கத்துக்குப் போய் கெஸ்ட் குழுவின் அனுமதிகளை எடுத்துவிடுங்கள். பிறகு பிரௌசரில் தனிப்பட்ட விண்டோ ஒன்றைத் திறந்து, லாகின் செய்யாமல் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். லாகின் கேட்டால்தான் வேலை முடிந்தது. ஆபீஸ் ஆட்களுக்கு ஒரு குழு உருவாக்கி, எழுதவும் திருத்தவும் அனுமதி கொடுங்கள். அழிக்கும் அனுமதி இரண்டு பேரிடம் இருந்தால் போதும். திருத்தும் அனுமதியை மட்டும் கஞ்சத்தனமாகக் கொடுக்காதீர்கள். சீனியர் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் மாற்றம் வரும் என்று வைத்த விக்கி சீக்கிரமே செத்துவிடும். தப்பைத் திருத்திக்கொள்ள ஹிஸ்டரி இருக்கிறது.

பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு மெயில் போக வேண்டும் என்றால் எஸ்.எம்.டி.பி. விவரம், அதாவது எந்த மெயில் சேவை வழியாக அனுப்ப வேண்டும் என்ற விவரம், கொடுக்க வேண்டும். பல கிளவுட் தளங்கள் ஸ்பாமுக்குப் பயந்து 25ஆம் போர்ட்டை மூடி வைத்திருக்கும். சில தளங்களும் திட்டங்களும் 587ஐயும் மூடி வைக்கும், அதனால் எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று தளத்தின் குறிப்பைப் பார்த்துவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். சொந்த டொமைன் (இணையப் பெயர்) இருந்தால் விக்கிக்கு அதன் கீழ் ஒரு சப்டொமைன் ஒதுக்கி, டி.என்.எஸ். என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் சி-நேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும்) பதிவு ஒன்று போட்டு, தளம் கொடுத்த முகவரியைக் காட்டிவிடுங்கள். டொமைனை இயன்றால் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. நாளைக்குத் தளம் மாறினாலும் ஆட்கள் மனப்பாடம் செய்த முகவரி மாறாது.

தமிழில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. யூனிகோட் எழுத்து எதுவும் இந்த மென்பொருள்களுக்குப் பிரச்சினை இல்லை. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் டைப் செய்த ஃபைல்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் குப்பையாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. தேடல் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. விக்கி.ஜேஎஸ்ஸின் தொடக்கத் தேடல், தலைப்பையும் சுருக்கத்தையும் பார்க்கும், பக்கத்தின் உடலைப் பார்க்காது. அட்மின் பகுதியில் போஸ்ட்கிரெஸ் தேடலுக்கு மாற்றி, இண்டெக்ஸை மறுபடி கட்டச் சொன்னால் உடலுக்குள்ளும் தேடும். அப்போதும் தமிழின் வேற்றுமை உருபு இருக்கிறதே! ‘கன்டெய்னர்’, ‘கன்டெய்னரை’, ‘கன்டெய்னருக்கு’ மூன்றும் தேடலுக்கு மூன்று சொல். நாங்கள் செய்வது எளிது: ஆட்கள் எந்தச் சொல்லால் தேடுவார்களோ அதை உருபு சேர்க்காமல் தலைப்பிலும் சுருக்கத்திலும் டேகிலும் எழுதிவிடுகிறோம். ‘டி.ஓ.’ என்றும் ‘டெலிவரி ஆர்டர்’ என்றும் இரண்டையுமே போடுகிறோம். பேசுகிற பெயரில் பக்கம் இருந்தால்தான் பையன்கள் விக்கிக்கு வருவார்கள்.

பணம்

விலை அடிக்கடி மாறும், அதனால் தொகை சொல்லவில்லை. கணக்குப் போடும்போது விக்கிக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று என்று இரண்டு கட்டணம் இருக்கும் என்பதையும், ஜி.எஸ்.டி. தனி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவசத் திட்டத்தை நம்பி ஆபீஸ் விக்கியைத் தொடங்க வேண்டாம். ஹெரோக்கு தன் இலவசத் திட்டத்தை 2022 நவம்பரில் நிறுத்திவிட்டது. ரெண்டரின் இலவசச் சேவை 15 நிமிடம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும், அடுத்து வருபவர் அது எழும் வரை காத்திருக்க வேண்டும். அதன் இலவச டேட்டாபேஸுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. பழகிப் பார்க்க இலவசம் போதும், உண்மையான பக்கங்களை எழுதத் தொடங்கும் முன் கட்டணத் திட்டத்துக்கு மாறிவிடுங்கள்.

கார்டு விஷயமும் முக்கியம். 2021 அக்டோபர் முதல், கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் கூடுதல் அங்கீகார விதி நடைமுறையில் இருக்கிறது. அதற்கு ஒத்துவராத வெளிநாட்டுக் கட்டணங்கள் சத்தமில்லாமல் தோற்றுப்போகும். பணம் வரவில்லை என்று தளம் அனுப்பும் மெயில், யாரும் திறக்காத ஒரு முகவரிக்குப் போனால் விக்கி ஒரு நாள் நின்றுவிடும். பில்லிங் மெயிலை அக்கவுன்ட்ஸ் பார்ப்பவர் தினமும் திறக்கும் முகவரிக்கு வைக்க வேண்டும். முன்பணம் கட்டி வைக்க வழி கொடுக்கும் தளமானால் இன்னும் நிம்மதி.

பேக்கப்

தளம் டேட்டாபேஸைத் தினமும் தானே பேக்கப் எடுக்கும் என்று சொல்லும். எடுக்கும்தான். ஆனால் அந்த பேக்கப் இருப்பது அதே தளத்தில், அதே கணக்குக்குள். கணக்கு முடங்கினால் பேக்கப்பும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால் வாரம் ஒரு தடவையாவது பி.ஜி.டம்ப் என்ற கருவியால் மொத்த டேட்டாபேஸையும் ஒரு ஃபைலாக (இதுதான் டம்ப்) எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளியே வேறொரு கணக்கில் ஒன்று இருந்தால் நல்லது. கருவியின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்பைவிடப் பழையதாக இருந்தால் அது வேலை செய்ய மறுக்கும். அப்போது புதிய பதிப்பை நிறுவிக்கொள்ள வேண்டும். விக்கி.ஜேஎஸ்ஸில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பக்கங்களை, மாற்றங்களைப் பதிந்து ஃபைல்களை வைக்கும் ஒரு கிட் களஞ்சியத்துக்குத் தானாக நகல் எடுக்கச் சொல்லலாம். மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையில் எழுதிய பக்கங்கள் அங்கே சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகவே இருக்கும், விக்கி இல்லாமலும் திறந்து படிக்கலாம். ஆனால் பயனர்கள், அனுமதிகள் எல்லாம் டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. ஆகவே இது கூடுதல் காப்பு, டம்புக்கு மாற்று இல்லை.

எடுத்த பேக்கப் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறதா என்பது, திரும்ப ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். இதற்கு ஒரு லேப்டாப் போதும். அதில் டாக்கரை நிறுவி, காலியான போஸ்ட்கிரெஸ் ஒன்றைத் தொடங்கி, டம்ப் ஃபைலை அதில் ஏற்றுங்கள். அதே பதிப்பு விக்கி.ஜேஎஸ்ஸை அந்த டேட்டாபேஸைக் காட்டி ஓட்டுங்கள். பிரௌசரில் திறந்து, உங்கள் வழக்கமான பாஸ்வேர்டால் உள்ளே போங்கள். சி.எஃப்.எஸ். கேட்டின் போட்டோ இருக்கும் பக்கத்தைத் திறங்கள். படம் தெரிகிறதா? நேற்று யாரோ திருத்திய வரி ஹிஸ்டரியில் இருக்கிறதா? இருந்தால், தளம் விலையை ஏற்றினாலும் மூடிவிட்டாலும் அதே ஃபைலை வைத்து இன்னொரு தளத்தில் அன்றைக்கே எழுப்பிவிடலாம். சப்டொமைனின் சி-நேம் பதிவைப் புதிய தளத்துக்குத் திருப்பினால் ஆபீஸில் பலருக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. பதிப்பை உயர்த்தும் முன்பும் இதையேதான் செய்கிறேன்: முதலில் டம்ப், பிறகு லேப்டாப்பில் புதிய பதிப்பு, அங்கே சரியாக வந்தால் தளத்தில் எண்ணை மாற்றுவது.

மூன்று நான்கு பேர் மட்டும் இருக்கும் இடத்துக்கு இவ்வளவு வேண்டாம், ரெடிமேட் சேவையின் சின்னத் திட்டமோ ஒரு நல்ல பகிர்வு டாக்குமென்ட்டோ போதும். ஆட்கள் பத்தைத் தாண்டி, வேலைக்கு வருவதும் போவதும் நடக்கும் இடமானால் செய்யுங்கள். செய்யும்போது விக்கியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதிவையுங்கள்: எந்தத் தளம், கணக்கு யார் மெயிலில் இருக்கிறது, டொமைன் எங்கே வாங்கியது, அது புதுப்பிக்க வேண்டிய மாதம், டம்ப் ஃபைல் இருக்கும் இடம், லேப்டாப்பில் எழுப்பும் படிகள். பாஸ்வேர்டு அதில் வேண்டாம், பாஸ்வேர்டு மேனேஜரைத் திறக்கும் இரண்டு பேரின் பெயர் போதும். இந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து, ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதிப் பதிவு எண்) காப்பியும் லைசென்ஸும் இருக்கும் ஃபைலில் சேர்த்து வையுங்கள். விக்கி நின்றிருக்கும் நாளில் இதைத் தேடுபவருக்கு விக்கி திறக்காது.